பழைய கணினி விளையாட்டுக்கும் புதிய கணினிக்கும் இடையே ஒரு மொழிபெயர்ப்பாளர்

1990களின் பிற்பகுதியிலும் 2000களின் தொடக்கத்திலும் சிங்கப்பூரில் கணினி விளையாட்டுகளை வாங்கி ஆடியவர்களின் வீடுகளில், சிம் லிம் ஸ்குவேரிலோ பழைய ஃபுனான் கடைத்தொகுதியிலோ வாங்கிய குறுவட்டுகள் இன்னும் ஏதாவது ஓர் அட்டைப்பெட்டியில் இருக்கக்கூடும். அவற்றில் ஒன்றை எடுத்து விண்டோஸ் 11 உள்ள கணினியில் போட்டால், சில நேரம் நிறுவும் நிரலே திறக்காது. சில நேரம் எல்லாம் நிறுவப்பட்ட பிறகு திரை கறுத்து நின்றுவிடும். ஓடத் தொடங்கினாலும், நிறங்கள் சிதறியோ, முகங்கள் அகலவாக்கில் இழுபட்டோ, ஆட்கள் கண்ணிமைக்கும் நேரத்தில் திரையைக் கடந்து ஓடியோ தோன்றலாம். "இது இனி ஓடாது" என்று வட்டைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்துவிடுபவர்கள் பலர். அவர்களில் பெரும்பாலோருடைய விளையாட்டு உண்மையில் ஓடக்கூடியதே. அது ஏன் தடுமாறுகிறது என்பதை ஒருமுறை புரிந்துகொண்டால், எந்தத் தீர்வை எப்போது தேட வேண்டும் என்பதும் தானாகத் தெளிவாகிவிடும்.

எந்த விளையாட்டும் தனியே இயங்குவதில்லை. ஒரு சுவரை வரைய வேண்டும் என்றால் அது வரைகலை அட்டையிடம் கேட்கிறது. வெடிச்சத்தம் வேண்டும் என்றால் ஒலி அட்டையிடம் கேட்கிறது. எவ்வளவு நேரம் கடந்தது என்பதைச் செயலியிடம் கேட்கிறது. ஆடிய நிலையைச் சேமிக்க இயங்குதளத்திடம் அனுமதி கேட்கிறது. இந்தக் கேள்விகளை அது எழுதப்பட்ட காலத்தில் வழக்கிலிருந்த முறைப்படியே கேட்கிறது. இருபது, முப்பது ஆண்டுகளில் கேள்விகள் மாறவில்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள்தாம் மாறிவிட்டார்கள். நம் நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் தமிழில் பேசினால், தமிழ் அறியாத உறுப்பினர்கள் உடனடி மொழிபெயர்ப்பைக் காதொலிக் கருவியில் கேட்டுக்கொள்கிறார்கள். அதனால் பேசுபவரும் மொழியை மாற்றத் தேவையில்லை, கேட்பவரும் புதிய மொழி கற்கத் தேவையில்லை. பழைய விளையாட்டை இயக்கும் மென்பொருள்களில் பெரும்பாலானவை செய்வது இந்த வேலையைத்தான். விளையாட்டின் நிரலைத் தொடாமல், அதற்கும் இன்றைய கணினிக்கும் நடுவில் உட்கார்ந்து, பழைய கேள்வியைப் புதிய கேள்வியாக மாற்றிக் கேட்டு, கிடைத்த பதிலைப் பழைய வடிவில் திருப்பித் தருகின்றன.

முதலில் காலத்தைக் கண்டறியுங்கள்

எந்த மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பது விளையாட்டு எந்தக் காலத்தது என்பதைப் பொறுத்தது. பெட்டியின் பின்புறத்தில் அச்சிடப்பட்டிருக்கும் தேவைப் பட்டியல் இதற்குப் போதும். அதில் விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான எம்எஸ்-டாஸ் என்று மட்டும் இருந்தால் அது டாஸ் காலத்து விளையாட்டு. விண்டோஸ் 95 அல்லது 98, டைரக்ட்எக்ஸ் 5, 6, 7 என்றெல்லாம் இருந்தால் இடைக்காலம். (விளையாட்டுகள் படத்துக்கும் ஒலிக்கும் விண்டோஸிடம் பேசப் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்டின் தொகுப்பே டைரக்ட்எக்ஸ்.) விண்டோஸ் எக்ஸ்பி, டைரக்ட்எக்ஸ் 8 அல்லது 9 என்றால் பிற்காலம். பிற்காலத்தவை பெரும்பாலும் சிறு திருத்தங்களோடு ஓடிவிடும். டாஸ் விளையாட்டுகள் பழைமையானவை என்றாலும் அவற்றுக்கான தீர்வு முதிர்ந்து நிலைபெற்றுவிட்டது. நடுவிலுள்ள இடைக்காலமே உண்மையில் பொறுமையைச் சோதிப்பது.

டாஸ் விளையாட்டுக்கு இன்றைய விண்டோஸ் எந்தப் பதிலும் தராது, ஏனெனில் 64-பிட் விண்டோஸ் 16-பிட் நிரல்களை இயக்குவதே இல்லை. விண்டோஸ் 11 64-பிட் வடிவில் மட்டுமே வருகிறது. ஆகவே ஒரு பழைய கணினியையே மென்பொருளாகக் கட்டியெழுப்ப வேண்டியிருக்கிறது. 2002இல் முதலில் வெளியான டாஸ்பாக்ஸ் அதைத்தான் செய்கிறது. அதன் செயலி, ஒலி அட்டை, திரை எல்லாமே பாவனை. இன்று புதிதாகத் தொடங்குபவருக்கு, அதிலிருந்து கிளைத்த டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங் என்ற பதிப்பையே பரிந்துரைப்பேன். அதன் தொடக்க அமைப்புகளே பெரும்பாலான விளையாட்டுகளுக்குப் பொருத்தமாக இருக்கின்றன.

டாஸ் விளையாட்டை முதலில் அமைக்கும்போது, உங்களிடம் எந்த ஒலி அட்டை உள்ளது என்று அது கேட்கும். அந்தப் பட்டியலில் சவுண்ட் பிளாஸ்டர் என்ற பெயரைக் காணும்போது சிங்கப்பூரர்கள் சற்று நின்று பெருமைப்படலாம். சிம் வோங் ஹூ 1981இல் சைனாடவுனில் ஒரு சிறு கடையாகத் தொடங்கிய கிரியேட்டிவ் டெக்னாலஜி நிறுவனம் 1989இல் வெளியிட்ட அட்டை அது. உலகெங்கும் விளையாட்டு எழுதியவர்கள் அதை அளவுகோலாகக் கொண்டதால், மற்ற நிறுவனங்களும் தங்கள் அட்டைகள் "சவுண்ட் பிளாஸ்டருக்கு ஒத்தவை" என்று சொல்லித்தான் விற்க வேண்டியிருந்தது. 2023 ஜனவரியில் சிம் மறைந்தார். ஆனால் டாஸ்பாக்ஸைத் திறக்கும் ஒவ்வொருவரும் இன்றும் அவருடைய அட்டையின் பாவனையைத்தான் கேட்கிறார்கள். விளையாட்டு கேட்கும்போது சவுண்ட் பிளாஸ்டர் 16 என்பதைத் தேர்ந்தெடுத்து, முகவரிக்கு 220, ஐஆர்க்யூ எண்ணுக்கு 7, டிஎம்ஏ எண்ணுக்கு 1 என்று கொடுங்கள். டாஸ்பாக்ஸ் இயல்பாக வைத்திருக்கும் எண்கள் இவை. ஒலி வராத டாஸ் விளையாட்டுகளில் பெரும்பாலானவை இந்த எண்கள் பொருந்தாததால்தான் ஊமையாக நிற்கின்றன.

ஒலியின் கதை டாஸோடு முடியவில்லை. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்த பல விளையாட்டுகள், குகைக்குள் நடந்தால் எதிரொலியும் கதவுக்குப் பின்னால் நின்றால் மங்கிய குரலும் தரும் ஈஏஎக்ஸ் என்ற கிரியேட்டிவின் நுட்பத்தைப் பயன்படுத்தின. 2007இல் கடைகளுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா, விளையாட்டுகள் டைரக்ட்எக்ஸின் ஒலிப் பகுதியான டைரக்ட்சவுண்ட் வழியாக ஒலி அட்டையின் வன்பொருளை நேரடியாக அணுகும் பாதையை நீக்கிவிட்டது; அன்றிலிருந்து அந்த விளையாட்டுகளில் எதிரொலிகள் ஓசையின்றி மறைந்துபோயின. கிரியேட்டிவே வெளியிட்ட ஆல்கெமி என்ற மென்பொருள் அந்தப் பழைய அழைப்புகளை ஓபன்ஏஎல் என்ற வேறு பாதைக்குத் திருப்பி அவற்றை மீட்டுத் தருகிறது. படத்தைச் சீராக்குவதில் பல மணிநேரம் செலவிடுபவர்கள்கூட இந்த ஒலி காணாமல் போனதைக் கவனிப்பதில்லை. பழைய விளையாட்டின் சூழலைத் திரும்பப் பெறுவதில் ஒலிக்குப் பாதிப் பங்கு உண்டு என்பது என் உறுதியான எண்ணம்.

மொழிபெயர்க்காமல், விளையாட்டை இயக்கும் பகுதியையே புதிதாக எழுதிவிடும் வழியும் இருக்கிறது. ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் 1993இல் வெளியிட்ட டூம் விளையாட்டின் மூல நிரலை 1997 இறுதியில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. அதனால்தான் இன்று ஜிஇசட்டூம் போன்ற வடிவங்களில் அது எந்தக் கணினியிலும், எந்த அளவுத் திரையிலும் பிசகின்றி ஓடுகிறது. படங்களைச் சுட்டிச் சுட்டிக் கதையை நகர்த்தும் பழைய சாகச விளையாட்டுகளுக்கு ஸ்கம்விஎம் இருக்கிறது. இவை இயக்கும் பகுதியை மட்டுமே தருபவை என்பதால், படம், இசை, வரைபடம் அடங்கிய மூலக் கோப்புகள் உங்கள் வட்டிலிருந்தோ நீங்கள் வாங்கிய பதிப்பிலிருந்தோ வர வேண்டும். உங்கள் விளையாட்டுக்கு இப்படியொரு மறுஎழுத்து இருக்கிறதா என்பதை எல்லாவற்றுக்கும் முன்னால் தேடிப் பாருங்கள். இருந்தால், கீழே சொல்லப்படும் பாதித் தொல்லைகள் உங்களுக்கு இல்லை.

இடைக்காலத்து விளையாட்டுகளும் இடையில் அமரும் கோப்பும்

1990களின் பிற்பகுதியில் முப்பரிமாணப் படம் வரையும் அட்டைகள் அப்போதுதான் பரவத் தொடங்கியிருந்தன. எல்லோருக்கும் பொதுவான வழி என்று ஒன்று உறுதிப்படவில்லை. 3டிஎஃப்எக்ஸ் நிறுவனம் 1996இல் கொண்டுவந்த வூடூ அட்டை கிளைடு என்ற தனக்கே உரிய முறையில் பேசியது. பல விளையாட்டுகள் அந்த முறையில்தான் மிக அழகாகத் தெரிந்தன. 2000ஆம் ஆண்டின் இறுதியில் அந்த நிறுவனம் தன் சொத்துகளை என்விடியாவிடம் விற்க ஒப்புக்கொண்டது. அத்துடன் கிளைடு புரிந்த அட்டைகள் வருவதும் நின்றது. டைரக்ட்எக்ஸில் இருபரிமாணப் படம் வரையும் டைரக்ட்டிராவும் முப்பரிமாணப் படம் வரையும் தொடக்ககால டைரக்ட்3டியும் பெயரளவில் இன்றும் விண்டோஸில் இருக்கின்றன. ஆனால் விண்டோஸ் 8 முதல் 256 நிற, 16-பிட் நிறத் திரைகள் உண்மையானவையாக இல்லாமல் பாவனையாகவே தரப்படுகின்றன. வேகம் தேங்குவதற்கும் நிறம் கெடுவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

இங்கே உதவுபவை ராப்பர் எனப்படும் கோப்புகள். அவை எப்படி வேலை செய்கின்றன என்பது பார்ப்பதற்கு மாயம்போல இருந்தாலும் உண்மையில் எளியது. விளையாட்டு தொடங்கும்போது, படம் வரையும் வேலைக்காக டிடிரா அல்லது டி3டி8 போன்ற பெயருள்ள ஒரு கோப்பைத் தேடும். விண்டோஸ் அந்தப் பெயரைப் பெரும்பாலும் விளையாட்டின் சொந்தக் கோப்புறையில்தான் முதலில் தேடுகிறது. அங்கே இல்லாவிட்டால்தான் தன் அமைப்புக் கோப்புறைக்குப் போகிறது. ஆகவே அதே பெயருள்ள வேறொரு கோப்பை விளையாட்டின் கோப்புறைக்குள் வைத்துவிட்டால், விளையாட்டு அதையே உண்மையானது என்று எண்ணிப் பேசத் தொடங்கிவிடும். நீங்கள் வைத்த கோப்பு அந்தப் பேச்சை இன்றைய வரைகலை அட்டைக்குப் புரியும் முறையில் மாற்றி அனுப்பும். பிடிக்கவில்லை என்றால் கோப்பை நீக்கிவிட்டால் போதும்; கணினியில் வேறெதுவும் மாறியிருக்காது.

டிஜிவூடூ 2 இந்த வகையில் முதலில் முயல வேண்டியது. கிளைடு அழைப்புகளையும், டைரக்ட்எக்ஸின் முதல் பதிப்பிலிருந்து ஒன்பதாவது வரையுள்ள அழைப்புகளையும் அது டைரக்ட்3டி 11 அல்லது 12க்கு மாற்றுகிறது. சும்மா ஓடவைப்பதோடு அது நிற்பதில்லை: புதிய அட்டைகள் கைவிட்ட பழைய மூடுபனி விளைவு, நிழல் வரையும் முறை போன்றவற்றையும் திருப்பித் தருகிறது. 2002இல் வெளியான ஸ்பிளின்டர் செல் விளையாட்டு இதற்கு நல்ல சான்று. இருளிலும் நிழலிலும் ஒளிந்து நகர்வதே அந்த விளையாட்டின் உயிர். ஆனால் அது நிழல்களை வரைந்த முறையைப் பிற்கால அட்டைகள் ஆதரிக்காததால், புதிய கணினியில் நிழல்கள் பிசகின. டிஜிவூடூ வழியாக ஓட்டினால் அவை மீண்டும் சரியான இடத்தில் விழுகின்றன. டைரக்ட்எக்ஸ் 8, 9 விளையாட்டுகளுக்கு டிஎக்ஸ்விகே என்ற வேறொரு மொழிபெயர்ப்பாளரும் உண்டு. அது அழைப்புகளை வல்கன் என்ற இன்றைய வரைகலை முறைக்கு மாற்றுகிறது. விண்டோஸ் இல்லாத ஸ்டீம் டெக் கருவியில் விண்டோஸ் விளையாட்டுகள் ஓடுவதற்கு அதுவே முதன்மைக் காரணங்களுள் ஒன்று. இருபரிமாண உத்தி விளையாட்டுகளுக்கு சிஎன்சி-டிடிரா பெரும்பாலும் போதுமானது.

இவற்றுக்கு முன்னால் செய்ய வேண்டிய சில எளிய வேலைகள் இருக்கின்றன. விளையாட்டை விண்டோஸின் புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்குள் நிறுவ வேண்டாம். அங்கே எழுதுவதற்கு இன்றைய விண்டோஸ் கட்டுப்பாடு வைத்திருப்பதால், சேமித்த ஆட்டங்கள் வேறெங்கோ திருப்பிவிடப்படும் அல்லது சேமிக்கப்படாமலே போகும். சி டிரைவில் தனியாக ஒரு கோப்புறையை உருவாக்கி அதில் நிறுவுங்கள். பலர் சேர்ந்து ஆடுவதற்கான பழைய கூறான டைரக்ட்பிளே இல்லை என்று செய்தி வந்தால், விண்டோஸ் அம்சங்களின் பட்டியலில் பழைய கூறுகள் என்ற பகுதிக்குள் அதை இயக்கிவிடலாம். டி3டிஎக்ஸ்9 என்று தொடங்கும் கோப்பு இல்லை என்று வந்தால், அந்த ஒரு கோப்பை மட்டும் ஏதோ தளத்திலிருந்து எடுக்காமல், மைக்ரோசாஃப்டின் 2010 ஜூன் டைரக்ட்எக்ஸ் தொகுப்பை முழுமையாக நிறுவுங்கள். விளையாட்டுக் கோப்பின் பண்புகளில் உள்ள பொருந்துமைப் பக்கத்தில் விண்டோஸ் எக்ஸ்பி என்று தேர்ந்தெடுப்பது சில நேரம் உதவும். ஆனால் எல்லாப் பெட்டிகளையும் ஒரே நேரத்தில் குறியிட்டுவிட்டால், எது உதவியது, எது கெடுத்தது என்பது தெரியாமல் போய்விடும்.

வட்டுகளைப் பற்றி ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நம் ஊரின் ஈரப்பதத்தில் பல ஆண்டுகள் கிடந்த வட்டில் பூஞ்சணம் படிந்திருக்கலாம். மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைத்து, வட்டின் முழுப் படிமத்தை ஒருமுறை கணினியில் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. இசைத் தடங்களும் சேர்ந்த வட்டு என்றால் ஐஎஸ்ஓ வடிவம் இசையை விட்டுவிடும். பின்-கியூ வடிவில் எடுக்க வேண்டும். இதைவிடப் பெரிய தடை, 2000ஐ ஒட்டி வந்த பல வட்டுகளில் இருந்த சேஃப்டிஸ்க் என்ற நகல் தடுப்பு. அதற்கு வேண்டிய டிரைவர் மென்பொருளைப் பாதுகாப்புக் குறை காரணமாக விண்டோஸ் 10உம் அதற்குப் பிந்தையவையும் ஏற்பதில்லை. அப்படிப்பட்ட வட்டு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் விளையாட்டு தொடங்காது. பூட்டு உடைக்கப்பட்ட கோப்புகளை இணையத்தில் தேடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்: சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இத்தகைய பூட்டுகளை உடைப்பதைப் பொதுவாகத் தடைசெய்கிறது; அந்தக் கோப்புகளோடு தீங்கு நிரல்களும் சேர்ந்து வருவது வழக்கம். 2008இல் தொடங்கிய ஜிஓஜி என்ற இணையக் கடையில் அதே விளையாட்டு பூட்டின்றி, புதிய விண்டோஸுக்கு ஏற்றபடி, தள்ளுபடிக் காலத்தில் சில வெள்ளிக்குக் கிடைக்கக்கூடும். வட்டோடு பல நாள் போராடுவதைவிட அதுவே நேர்மையான, விரைவான வழி.

வேகத்துக்கும் கடிவாளம் வேண்டும்

புதிய கணினி வேகமானது என்பதே சில விளையாட்டுகளுக்குத் தீங்கு. ஒவ்வொரு முறை திரை வரையப்படும்போதும் ஆளை ஓர் அடி நகர்த்து என்று எழுதப்பட்ட விளையாட்டு, நொடிக்கு 30 முறை வரையப்பட்டபோது சரியாக நடந்தது. 144 முறை வரையப்படும்போது ஏறக்குறைய ஐந்து மடங்கு வேகத்தில் ஓடுகிறது. ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸின் 2005 கணினிப் பதிப்பில் நொடிக்கு எத்தனை முறை திரை வரையப்படலாம் என்ற ஃபிரேம் வரம்பை நீக்கினால் நீந்துவதும் வாகனம் ஓட்டுவதும் பிசகத் தொடங்குவது இதனால்தான். என்விடியா, ஏஎம்டி அமைப்புப் பக்கங்களிலோ, ரிவாடியூனர் என்ற இலவச மென்பொருளிலோ, ராப்பரிலேயோ நொடிக்கு 60 அல்லது 30 என்று வரம்பு வைத்துவிடுங்கள். டாஸ்பாக்ஸில் இதற்கு இணையானது சைக்கிள்ஸ் என்ற எண். அதைக் கூட்டியும் குறைத்தும் உங்கள் விளையாட்டின் இயல்பான வேகத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

அழகாக்குவது: முதலில் வடிவம், பிறகு கூர்மை

விளையாட்டு நிலையாக ஓடிய பிறகே தோற்றத்தில் கை வைக்க வேண்டும். அப்போதும் முதலில் திருத்த வேண்டியது திரையின் விகிதம். அந்தக் காலத் திரைகள் நான்குக்கு மூன்று என்ற விகிதத்தில் இருந்தன. இன்றையவை பதினாறுக்கு ஒன்பது. பழைய படத்தை அப்படியே முழுத் திரைக்கு இழுத்தால் வட்டங்கள் முட்டை வடிவாகின்றன, மனிதர்கள் குட்டையாகிறார்கள். வரைகலை அட்டையின் அமைப்பில் விகிதத்தைக் காக்கும்படி சொன்னால் இரு பக்கமும் கறுப்புப் பட்டைகள் வரும். அந்தப் பட்டைகளைக் குறையாக நினைக்காதீர்கள். ஓவியர் வரைந்த வடிவம் அவற்றுக்கு நடுவில்தான் பத்திரமாக இருக்கிறது.

டாஸ் காலத்தின் 320×200 திரைக்கு இன்னொரு நுட்பம் உண்டு. அந்தப் பிக்சல்கள் சதுரமானவை அல்ல. பழைய திரை அவற்றை உயரவாக்கில் நீட்டிக் காட்டியது. அகலத்தை 5 மடங்கும் உயரத்தை 6 மடங்கும் பெருக்கினால் 1600×1200 கிடைக்கும். 1440 வரிகள் உள்ள திரையில் அது பிசிறின்றி அடங்குகிறது. விண்டோஸ் விளையாட்டுகளின் 640×480 படத்தை இரு மடங்காக்கினால் 1280×960 ஆகி, சாதாரண 1080 திரையில் உட்காரும். இப்படி முழு எண்ணால் பெருக்குவதே, ஒன்றேகால் மடங்கு, இரண்டேகால் மடங்கு என்று இழுப்பதைவிடத் தெளிவாக இருக்கும். இல்லாவிட்டால் சில பிக்சல்கள் தடித்தும் சில மெலிந்தும் எழுத்துகள் நடுங்கும்.

முப்பரிமாண விளையாட்டுகளில் அகலத் திரையை முழுதாகவே பயன்படுத்தலாம், ஆனால் பார்வைக் கோணத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும். பழைய திரையில் 90 பாகையாக இருந்த கிடைக்கோணம், உயரத்தில் எதையும் இழக்காமல் அகலத் திரைக்கு வர ஏறத்தாழ 106 பாகை ஆக வேண்டும். இதைச் செய்யாமல் அகலத்தை மட்டும் கூட்டினால், சில விளையாட்டுகள் மேலும் கீழும் வெட்டி, நாம் கூடுதலாகப் பார்ப்பதற்குப் பதிலாகக் குறைவாகவே பார்க்கும்படி செய்துவிடும். உங்கள் விளையாட்டுக்கு எந்தக் கோப்பில் எந்த எண்ணை மாற்ற வேண்டும் என்பது பிசிகேமிங்விக்கி என்ற இணையதளத்தில் பெரும்பாலும் விளையாட்டு வாரியாகத் தொகுக்கப்பட்டிருக்கிறது.

கூர்மைக்கு வருவோம். டிஜிவூடூவில் தெளிவுத்திறனை உயர்த்தி, விளிம்புகளின் படிக்கட்டுத் தோற்றத்தை மென்மையாக்கும் எம்எஸ்ஏஏ வசதியையும், தொலைவில் நீளும் தரை மங்காமலிருக்கச் செய்யும் அனிசோட்ரோபிக் வடிகட்டலை 16 மடங்கிலும் வைத்தாலே, 2000ஆம் ஆண்டு விளையாட்டு ஒன்று வியக்கத்தக்க அளவு தெளிவாகிவிடும். இன்றைய அட்டைக்கு அது ஒரு பொருட்டே அல்ல. அதற்கு மேல் போகும்போது நிதானம் தேவை. பொருள்களின் மேற்பரப்பில் ஒட்டப்படும் டெக்ஸ்சர் படங்களை ரசிகர்கள் உயர்தரத்தில் வெளியிடும் தொகுப்புகளில், ஒவ்வொரு சுவரையும் கல்லையும் கையால் மீண்டும் வரைந்தவை சிறப்பானவை. செயற்கை நுண்ணறிவால் வெறுமனே பெரிதாக்கப்பட்டவற்றில் முகங்கள் மெழுகுபோல வழுவழுப்பாகி, பலகையிலுள்ள எழுத்துகள் பொருளற்ற கோடுகளாகிவிடுவதைக் காணலாம். ரீஷேட் என்ற மென்பொருளால் ஒளிர்வையும் நிழலையும் கூட்டலாம். இருட்டாக இருக்க வேண்டிய அறையை அது பகலாக்கிவிட்டால் விளையாட்டு தன் அச்சத்தை இழந்துவிடுகிறது. முன்கூட்டியே வரைந்து முடிக்கப்பட்ட இருபரிமாணப் பின்னணிகளைத் தொடாமல் விடுவதே நல்லது என்பது என் கருத்து. அவை கண்ணாடிக் குழாய்த் திரையின் மென்மையான ஒளியை மனத்தில் கொண்டு வரையப்பட்டவை என்பதால், அந்தத் திரையின் வரிகளையும் மெல்லிய மங்கலையும் பாவனை செய்யும் சிஆர்டி ஷேடர்களே அவற்றுக்கு மிகவும் பொருந்துகின்றன.

பல மாற்றங்களைச் சேர்த்த விளையாட்டு நினைவகம் போதாமல் நடுவில் நின்றுவிடுவதும் உண்டு. 32-பிட் நிரல் இயல்பாக 2 ஜிபி நினைவகத்தையே பயன்படுத்தும். அதன் தலைப்பகுதியில் ஒரு குறியை மாற்றினால் 64-பிட் விண்டோஸில் 4 ஜிபி வரை பயன்படுத்திக்கொள்ளும். 4ஜிபி பேட்ச் என்று வழங்கப்படும் சிறு மென்பொருள் இதைச் செய்கிறது.

எல்லாம் சரியாக அமைந்துவிட்டால், விளையாட்டின் கோப்புறையையும் அதில் வைத்த ராப்பர் கோப்புகளையும் அமைப்புக் கோப்புகளையும் சேர்த்து ஒரு வெளிச் சேமிப்பகத்தில் நகலெடுத்து வையுங்கள். சேமித்த ஆட்டங்கள் விண்டோஸின் ஆவணக் கோப்புறையில் தனியாக இருக்கலாம். அவற்றையும் தேடிச் சேருங்கள். விண்டோஸோ வரைகலை அட்டையின் டிரைவரோ புதுப்பிக்கப்பட்ட பிறகு விளையாட்டு மீண்டும் அடம்பிடித்தால், முதலில் அந்த நகலை இட்டுப் பாருங்கள். அப்போதும் ஓடவில்லை என்றால், ராப்பரின் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள்.